பழைய பொம்மை வீட்டைத் திருப்பிப் பாருங்கள்: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய பொம்மை வீடுகளையும் அவற்றுக்குள் வைக்கும் குட்டிச் சாமான்களையும் மட்டுமே விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தனிக் கடை இல்லாத ஊரிலும், பழம்பொருள் சந்தைக் கட்டடத்தில் ஒரு மூலை, இரண்டு கண்ணாடி அலமாரி, சுவரோரம் நாலைந்து வீடுகள் என்று கண்ணில் படும். விரல் நகம் அளவுக்குத் தேநீர்க் கோப்பை, தீக்குச்சி நீளத்துக்குத் துடைப்பம், கதவு திறந்து மூடும் பீரோ. முதல் முறை உள்ளே போகிறவருக்கு எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். அப்படி அள்ளிக்கொண்டு வந்தால், வீட்டில் வைத்துப் பார்க்கும்போது பாதிச் சாமான் ஒன்றோடொன்று சேராது. நாற்காலி மேசைக்கடியில் நுழையாது, கட்டில் படுக்கையறைக் கதவைவிடப் பெரிதாக நிற்கும்.

பிரிட்டனில் வாழும் தமிழர்களில் இந்தப் பக்கம் ஆர்வம் வந்தவர்களுக்கும், ஊரில் இருந்தபடி இணையத்தில் வரவழைக்க நினைப்பவர்களுக்கும் இது. பெரியவர்களின் சேகரிப்பைப் பற்றியே பேசுகிறேன். குழந்தை விளையாடுவதற்கென்று பழைய பொம்மை வீட்டை வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்த பழைய பொம்மை வீட்டில் நாம் காசு கொடுத்து வாங்குவது, இத்தனை வருடத்தில் யாரும் கைவைக்காமல் விட்ட பாகங்களைத்தான். மங்கிய பெயின்ட், ஓரம் கிழிந்த வால்பேப்பர், கோணலாக அடித்த ஆணி, இவைதான் அந்த வீட்டைச் செய்தவரின் கையிலிருந்து நேராக நமக்கு வருபவை. அவற்றைக் கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்தான் கீழே வரும் எல்லாப் படிகளும்.

படி 1: கடைக்கு முன் அருங்காட்சியகம்

பர்ஸைத் திறப்பதற்கு முன் நல்ல வீடுகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். லண்டன் பெத்னல் கிரீனில் உள்ள யங் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. 1673ஆம் ஆண்டு நியூரம்பெர்க் வீடும், 1760ஐச் சேர்ந்த டேட் வீடும் அந்த அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளவை. நியூரம்பெர்க் வீட்டின் சமையலறையில் வரிசையாகத் தொங்கும் பாத்திரங்களைப் பார்த்தால் நம் சொப்பு சாமான் ஞாபகம் வராமல் இருக்காது. மேற்கு சசெக்ஸில் அப்பார்க், மேற்கு யார்க்‌ஷயரில் நாஸ்டெல் ஆகிய மாளிகைகளில் 18ஆம் நூற்றாண்டுப் பொம்மை வீடுகள் இருக்கின்றன. 1989இல் அப்பார்க் மாளிகையில் தீப்பிடித்தபோது அந்தப் பொம்மை வீட்டைக் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தார்கள்.

விண்ட்சர் கோட்டையில் உள்ள மேரி அரசியின் பொம்மை வீட்டையும் ஒருமுறை பார்க்கலாம். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து, 1921 முதல் 1924 வரை செய்தது. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். ஆனால் கடையில் நமக்குக் கிடைக்கப்போவது அந்த ரகம் இல்லை. நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்காக: அந்த வீடு 1:12 அளவில் செய்யப்பட்டது, அந்த அளவு உங்கள் கண்ணில் பதிய வேண்டும்.

படி 2: அளவை முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் ஒரு ஸ்பூன்கூட வாங்க வேண்டாம்.

1:12 என்றால் நிஜ வீட்டில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு இதுதான். சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள தோர்ன் அறைகள், 1932க்கும் 1940க்கும் இடையில் செய்யப்பட்ட 68 குட்டி அறைகள், பெரும்பாலும் இதே அளவு. 1970களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மினியேச்சர் மோகம் மீண்டும் கிளம்பியபோது கைவினைஞர்கள் இந்த அளவிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

சிக்கல் என்னவென்றால், பழைய வீடுகளில் பல 1:12 கிடையாது. 1930களின் பிரிட்டிஷ் வீடுகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல சாமான்களும் சுமார் 1:16. ஸ்வீடனின் லண்ட்பி வீடுகள் 1:18. அமெரிக்காவின் டூட்ஸிடாய் உலோகச் சாமான்கள் 1:24ஐ ஒட்டியவை. 19ஆம் நூற்றாண்டுச் சாமான்களோ எந்த விகிதத்துக்கும் கட்டுப்படாதவை. ஒரே பெட்டியில் வந்த மேசையும் அலமாரியும்கூட ஒத்துப்போகாது. அந்தக் காலத்துக் குழந்தைகள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

ஓர் இரும்பு ஸ்கேலை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்க வேண்டியவை மூன்று. நாற்காலியில் உட்காரும் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம்: 38 மில்லிமீட்டர் என்றால் 1:12, 28 அல்லது 29 என்றால் 1:16, 25 என்றால் 1:18, 19 என்றால் 1:24. மேசையின் உயரம்: 1:12இல் 63, 1:16இல் 47, 1:24இல் 32. வீட்டின் உள்கதவு: 1:12இல் 165 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும், 1:16இல் 124. ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் கவலை இல்லை.

விற்பவர் "எல்லாம் ஒரே அளவுதான்" என்று சொன்னாலும் அளந்துவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அலமாரியில் ஒரு விலைச் சீட்டுக்குக் கீழே நாலைந்து வீடுகளின் சாமான் கலந்து கிடப்பது சகஜம்.

எந்த அளவு எடுப்பது? கைவினைஞர்களின் நுண்ணிய வேலைப்பாடு பிடிக்கும் என்றால் 1:12. பழைய விளையாட்டுச் சாமான்களின் எளிமை பிடிக்கும் என்றால் 1:16. என் சாய்வு இரண்டாவது பக்கம். அவை இடத்தையும் அடைக்காது.

படி 3: சில பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்

கடைக்காரர் பேசும்போது வந்து விழும் பெயர்கள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும்.

ஜி அண்ட் ஜே லைன்ஸ் என்பது லண்டனில் ஜார்ஜ், ஜோசப் என்ற சகோதரர்கள் நடத்திய விக்டோரியா காலத்துப் பொம்மை நிறுவனம். ஜோசப்பின் மகன்கள் மூவர் 1919இல் லைன்ஸ் பிரதர்ஸைத் தொடங்கினார்கள். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம், அதனால் டிரை-ஆங் என்று வணிகப் பெயர் வைத்தார்கள். லைன்ஸ் என்ற குடும்பப் பெயருக்குக் கோடுகள் என்று பொருள் இருப்பதால் வந்த விளையாட்டு அது. டிரை-ஆங்கின் 1930களின் வீடுகளில் கறுப்பு மரச்சட்டம் போட்ட ட்யூடர் பாணி முகப்பும், திறந்து மூடும் தகர ஜன்னல்களும் இருக்கும். எண்ணிக்கையில் நிறையச் செய்ததால் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் குழுமம் 1971இல் நொடித்துப்போனது. தொடக்கக்காரருக்கு முதல் பழைய வீடு என்று நான் யோசிக்காமல் சொல்வது டிரை-ஆங்கைத்தான்.

மொரிட்ஸ் காட்ஷால்க் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மரியன்பெர்க் என்ற ஊரில் இருந்த நிறுவனம். செங்கல், ஜன்னல் சட்டம், பூவேலை எல்லாம் அச்சடித்த காகிதத்தை மரத்தில் ஒட்டிச் செய்த வீடுகள். பழையவற்றுக்கு நீலக் கூரை, 20ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் தள்ளி வந்தவற்றுக்குச் சிவப்புக் கூரை. அடிப்பலகையில் பென்சிலால் எழுதிய எண் இருந்தால் சந்தோஷப்படுங்கள், அது தொழிற்சாலை எண்ணாக இருக்கலாம். அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் பிளிஸ் நிறுவனமும் இதே அச்சுக் காகித முறையில் செய்தது.

சில்பர் அண்ட் ஃபிளெமிங் என்ற பெயரைக் கேட்டால் கொஞ்சம் நிதானம். அது லண்டனில் இருந்த மொத்த வியாபார நிறுவனம். தட்டைக் கூரை, பெட்டி போன்ற உடல், செங்கல் வண்ண முகப்பு உள்ள எந்த விக்டோரியா காலத்து வீட்டையும் இன்று அந்தப் பெயரில் விற்கிறார்கள். 'அந்த மாதிரி' என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

சாமான்களில் வால்டர்ஸ்ஹவுசன் என்பது ஜெர்மனியின் துரிங்கியாவைச் சேர்ந்தது: ரோஸ்வுட் போலப் பளபளக்கும் கருஞ்சிவப்பு மரத்தில் தங்க நிறப் பூவேலை அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டுச் சாமான்கள். விலை அதிகம். போருக்குப் பிந்தைய பார்ட்டன், டால்-டாய் சாமான்கள் இன்னும் சில பவுண்டுக்கே கிடைக்கும். கைபழகுவதற்கு நல்லவை.

இனி, பெயரே இல்லாத வீடுகள். என் மனம் இருப்பது இவற்றில்தான். நார்ஃபோக்கின் டெரெஹாம் ஊரில் இருந்த ஹாபிஸ் நிறுவனம் 1895இலிருந்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தியது. மெல்லிய வாளால் பலகையை அறுத்துச் செய்யும் பொருள்களுக்கு வரைபடம் அதில் வரும், பொம்மை வீட்டுக்கும் வரும். அந்த வரைபடங்களை வைத்து எத்தனையோ அப்பாக்களும் தாத்தாக்களும் வீடு செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கடையில் பொம்மை கிடைக்காததால் இப்படிச் செய்தவர்கள் இன்னும் அதிகம். கிடைத்த பலகை, பழப்பெட்டி, சுருட்டுப் பெட்டி எல்லாம் பயன்பட்டன. தேயிலை வந்திறங்கிய பிளைவுட் பெட்டியும் பயன்பட்டது. அப்படிப்பட்ட வீட்டின் அடியிலோ கூரையின் உட்பக்கத்திலோ தோட்டத்தின் பெயரோ 'சிலோன்' என்ற எழுத்தோ மங்கலாகத் தெரிந்தால், மலையகத் தமிழர் கொழுந்து பறித்து அனுப்பிய பெட்டியின் பலகையாக அது இருக்கலாம். விற்பவர் அதைக் குறையாகக் காட்டி விலையைக் குறைத்தால் உடனே வாங்கிவிடுங்கள்.

படி 4: முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள்

கையில் இருக்க வேண்டியவை: ஸ்கேல், சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம். புற ஊதா (UV) வெளிச்சம் தரும் சிறிய டார்ச் ஒன்றும் இருந்தால் நல்லது. விலை அதிகமில்லை.

தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அப்புறம் வீட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, முடிந்தால் இன்னொருவர் உதவியோடு சாய்த்து, பின்பக்கத்தையும் அடிப்பலகையையும் பாருங்கள். முகப்பை எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் முகப்பைத்தான் எல்லோரும் புதுப்பித்திருப்பார்கள். பின்பக்கத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. பெயின்ட் அடிக்காத பழைய மரம் சீராகக் கறுத்திருக்கும். ஒரு பலகை மட்டும் வெளிறி இருந்தால் அது பின்னால் மாற்றியது. எல்லாப் பலகையும் ஒரே மாதிரிப் பழுப்புச் சாயம் குடித்து, ஓரங்களில் அந்தச் சாயம் தேங்கி நின்றால், வயதைக் காட்டுவதற்காகப் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஆணியும் திருகாணியும் நிறையச் சொல்லும். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 'விக்டோரியா காலம்' என்று சொல்லும் வீட்டின் கீலில் அது இருந்தால், கீலாவது மாற்றப்பட்டிருக்கிறது. பழைய துளை பக்கத்தில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பழுது பார்த்த பழைய வீடு, தெரியாவிட்டால் வீடே புதிதாக இருக்கலாம். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை கண்ணில் பட்டால் அந்தப் பாகம் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அதில் செய்த வீடு அழகாக இருக்கலாம், பழையதென்ற விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

பிறகு முகப்பைத் திறங்கள். அறைக்குள் டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோரமாகப் படுக்கவைத்து அடியுங்கள். வால்பேப்பருக்கு அடியில் இன்னொரு வால்பேப்பரின் மேடு தெரியும். மூலைகளிலும், கணப்பு அடுப்பின் ஓரத்திலும், கதவு நிலைக்குப் பக்கத்திலும் மேல்தாள் கொஞ்சம் தூக்கி நிற்கும் இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு அடுக்கு இருக்கும் வீடுகள் உண்டு. ஒரு தலைமுறைச் சிறுமி ஒட்டியதன் மேல் அடுத்த தலைமுறை ஒட்டியது. புற ஊதா டார்ச்சில் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது 1950 வாக்கிலிருந்து காகிதத்தில் சேர்க்கப்பட்டது. ஒரே அறையில் ஒரு சுவர் ஒளிர்ந்து மற்றவை மங்கலாக இருப்பது ஒரு நல்ல தடயம்.

தரையிலும் சுவரிலும் நிழல் போன்ற தடங்களைத் தேடுங்கள். ஒரு செவ்வகம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தால் அங்கே ஏதோ ஒட்டியிருந்தது: கணப்பு, படிக்கட்டு, அலமாரி. காணாமல் போனது எது என்று தெரிந்தால்தான் என்ன விலை என்று யோசிக்க முடியும். மாடிப்படியும் கைப்பிடியும் போயிருந்தால் அது பெரிய குறை. புகைபோக்கி ஒன்று இல்லை என்றால் சின்னக் குறை. முகப்பே வேறு வீட்டிலிருந்து வந்ததா என்று பார்க்க, கீல் உட்கார்ந்த பள்ளமும் உடலின் ஓரமும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள்.

ஜன்னலில் கண்ணாடியா, பிளாஸ்டிக் தாளா? நகத்தால் மெதுவாகத் தட்டினாலே தெரிந்துவிடும். பழைய கண்ணாடியில் சாய்ந்து பார்த்தால் லேசான நெளிவு இருக்கும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். ஈர நெடி அடித்தால் காகிதத்தில் பூஞ்சை இருக்கிறது. அது உங்கள் மற்ற சாமான்களுக்கும் பரவும். நான் அந்த வீட்டை வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

கடைசியாக, மரத்தைத் துளைக்கும் வண்டு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளைகள் இருந்தால் பயந்து ஓட வேண்டாம், பழைய மரத்தில் அவை சகஜம். துளையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா, கீழே புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் வண்டு இன்னும் வேலை செய்கிறது.

படி 5: சாமான்களை எடுக்கும்போது

கைவினைஞர் செய்த 1:12 சாமான்களை எப்போதும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கையொப்பம், முத்திரை, ஆண்டு என்று ஏதாவது அடியில் இருக்கும். சர்வதேச மினியேச்சர் கைவினைஞர் சங்கத்தின் உறுப்பினர் என்று சொல்லி விற்றால், எந்தத் தகுதி நிலை என்று கேளுங்கள்; அங்கே வேலைத்தரத்தைச் சோதித்துப் பட்டம் தருகிறார்கள். கையொப்பம் இல்லாவிட்டால் வேலைப்பாட்டைப் பாருங்கள். இழுப்பறை முழுதாக வெளியே வருகிறதா, அதன் மூலை இணைப்பு நிஜத் தச்சு இணைப்பா, மரத்தின் ரேகை அந்தச் சின்ன அளவுக்கு ஏற்ப நுண்ணியதா? தடித்த ரேகை ஓடும் மரத்தில் செய்த குட்டிப் பீரோ எவ்வளவு பளபளத்தாலும் கண்ணுக்கு ஒட்டாது. பேரிக்காய் மரம், பாக்ஸ் மரம் போன்ற நெருக்கமான ரேகையுள்ள மரங்களைக் கைவினைஞர்கள் விரும்புவது அதனால்தான்.

உலோகச் சாமானில் காந்தம் ஒட்டினால் தகரம் அல்லது இரும்பு. ஒட்டாமல், கனமாக, மென்மையாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் காரீயக் கலவையாக இருக்கலாம். பழைய பெயின்ட்டிலும் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தை கையில் கொடுக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கையாண்ட பிறகு நீங்களும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை என்றால் சுலபமாகத் தீப்பற்றும், விளக்குக்கோ வெயிலுக்கோ பக்கத்தில் வைக்கக் கூடாது.

வெள்ளைக் கடைசல் சாமான்கள், அதாவது குட்டிச் சதுரங்கக் காய், கோப்பை, நூல் ராட்டை போன்றவை எலும்பா தந்தமா என்று பாருங்கள். எலும்பில் லென்ஸ் வைத்தால் சிறு கறும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். பிரிட்டனில் தந்தத் தடைச் சட்டம் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறுகிய விலக்குகளைத் தவிர வாங்குவதும் விற்பதும் குற்றம். இந்தியாவுக்குக் கொண்டுவருவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி 6: கேளுங்கள், அப்புறம் விலை பேசுங்கள்

நல்ல கடைக்காரருக்குக் கேள்வி கேட்கிறவரைப் பிடிக்கும். நான் கேட்கச் சொல்வது: இது எந்த வீட்டிலிருந்து வந்தது, உள்ளே இருக்கும் சாமான்களில் எவை இதோடு வந்தவை, நீங்கள் இதில் என்ன வேலை செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் மறுபடியும் போகலாம். அவர் சொன்னதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலையைக் கூட்டுவது, கைபடாத பழைய பெயின்ட், பழைய காகிதம், முழுமை, தெரிந்த பெயர். குறைப்பது, மேல்பூச்சு. பழைய வீட்டை வெளிர் நீலமோ வெள்ளையோ அடித்து நாகரிகமாக்கி விற்பது இப்போது நிறைய நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்த வீட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது.

நம் ஊர்ச் சந்தையில் பாதி விலைக்குக் கேட்பதுபோல் இங்கே கேட்டால் பேச்சு முறிந்துவிடும். "இதற்கு உங்களால் முடிந்த கடைசி விலை என்ன?" என்று ஒருமுறை கேளுங்கள். கொஞ்சம் குறைப்பார். போதும். ஏலத்தில் எடுத்தால், முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் அதற்கு வரியும் சேரும். கை தூக்குவதற்கு முன் அதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்குவது என்றால், பின்பக்கம், அடிப்பலகை, ஒவ்வொரு அறையும், பக்கத்தில் ஸ்கேல் வைத்த ஒரு நாற்காலி என்று படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சாமான்களை வீட்டுக்குள் வைத்து அனுப்ப வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். வழியில் அவை உருண்டு, காகிதத்தையும் கண்ணாடியையும் சேர்த்து உடைக்கும். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்க வரியைக் கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரித்தாக வேண்டும். சில நேரம் அது பெரிய தொகையாக வந்து நிற்கும்.

வாங்க முடிவெடுக்கும் முன் இன்னொன்று: உங்கள் வீட்டு வாசலின் அகலத்தையும், வைக்கப்போகும் இடத்தையும் அளந்தீர்களா? முகப்பு திறப்பதற்கும் முன்னால் இடம் வேண்டும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும் தனியாக வையுங்கள்

நேராக மற்றச் சாமான்களோடு சேர்க்காதீர்கள். ஒரு கறுப்புத் தாளின் மேல் வைத்து சில வாரம் விட்டுவிட்டால், தூள் விழுந்தால் உடனே தெரியும். வண்டுகள் வசந்தத்திலும் கோடையிலும்தான் வெளியே வரும், ஆகவே குளிர்காலத்தில் வாங்கியதைக் கோடை வரை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன மரச் சாமானில் வண்டு இருப்பது உறுதியானால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரியில் வீட்டு ஃப்ரீசரிலேயே இரண்டு வாரம் வைக்கலாம். அருங்காட்சியகங்களும் இந்த முறையைக் கையாள்கின்றன. எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து, சாதாரணச் சூட்டுக்கு வந்த பின் திறங்கள். இல்லாவிட்டால் ஈரம் படியும். மெழுகு, கண்ணாடி, தடித்த பெயின்ட் உள்ளவற்றுக்கு இது வேண்டாம். முழு வீட்டுக்கு வண்டு என்றால் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் போங்கள்.

பழைய மின்விளக்கு வயர் இருந்தால் சுவர் பிளக்கில் செருகவே கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மரையும் நம்ப வேண்டாம். வயரைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கை ஒட்டாமல் உள்ளே வையுங்கள்.

படி 8: பழுது பார்க்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்

முதல் ஒரு வருடம் பெயின்ட் டப்பாவையும் பசையையும் தொடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கிழிந்த வால்பேப்பரை உரித்துப் புதிதாக ஒட்டினால் வீடு பளிச்சென்று இருக்கும்தான். ஆனால் உரித்த தாளை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

மென்மையான முடி பிரஷால் தூசி தட்டுங்கள். அச்சுக் காகிதம் ஒட்டிய வீட்டில் தண்ணீர் படவே கூடாது, நிறம் கரையும். தொங்கும் தாளை மீண்டும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கோதுமை மாவின் ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையை மெல்லிசாகத் தடவுங்கள். பின்னால் வேண்டுமென்றால் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். சூப்பர் குளூவும் சூடாக்கி ஒட்டும் பசையும் வேண்டவே வேண்டாம். சாமான் சாயாமல் நிற்பதற்கு நீல நிற ஒட்டுக் களிமண்ணை வைக்கிறவர்கள் உண்டு, அதன் எண்ணெய் காகிதத்தில் ஊறிக் கறையாகும். அருங்காட்சியக மெழுகு என்று விற்பதைக் கடுகளவு வைத்தால் போதும்.

நேர் வெயில் வேண்டாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு அது எளிதில்லை. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், தரையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள உள்ளறையில் உயரமாக வையுங்கள். கரையானும் வெள்ளிப்பூச்சியும் பசையும் காகிதமும் தேடி வரும். காரீயக் கலவைச் சாமான்களை ஓக் மர அலமாரியிலோ எம்.டி.எஃப். பெட்டியிலோ பூட்டி வைக்காதீர்கள். அந்தப் பலகைகள் வெளியிடும் அமில ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும்.

படி 9: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலை, அளவு, அவர் சொன்ன கதை, நீங்கள் கண்டுபிடித்த குறைகள், பின்பக்கத்தின் படம். வாங்கிய அன்றே எழுதுங்கள், அடுத்த மாதம் நாற்காலியும் மேசையும் எந்தக் கடையிலிருந்து வந்தன என்பது குழம்பிவிடும். நீங்கள் எதையாவது ஒட்டினால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். பொருளின் மேல் நேரடியாக எழுதாமல், 2பி பென்சிலில் எண் எழுதிய சிறு துண்டுச் சீட்டைப் பருத்தி நூலில் கட்டிவிடுங்கள். வீட்டோடு வந்த சாமான்களுக்கு ஒரு வரிசை எண், நீங்கள் பின்னால் வாங்கிச் சேர்த்தவற்றுக்கு வேறு வரிசை. நாளைக்கு அந்த வீடு வேறொருவர் கைக்குப் போகும்போது நோட்டையும் ரசீதையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.